கல்யாணத்தன்று ஏறிய ஆறு

என் தம்பி க்ளேர் ஹாக்கென்பெரி ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாதி உட்காருவான், மீதிப் பாதி அதற்குள் வாசலுக்குப் புறப்பட்டிருக்கும். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டினான். வேலை முடிந்தால் ஆறு. அங்கேயாவது ஒரு இடத்தில் நிற்பானா என்றால் அதுவும் கிடையாது. நாலு தடவை தூண்டில் வீசுவான், மீன் தொடவில்லை என்றால் அடுத்த பாறைக்குப் போய்விடுவான்.

அவன் தேடியது பாஸ் மீன். அதிலும் சின்னவாயன் என்று நாங்கள் சொல்கிற ஆற்று ஜாதி. வெண்கல நிறம், சிவந்த கண், சின்னதாக இருந்தாலும் தூண்டில் கம்பை வளைத்துவிடும். தண்ணீர் மாறினால் அதுவும் இடம் மாறும். ஆறு பெருகிக் கலங்கினால் கரையோரப் புல்லுக்குள் ஒதுங்கும். வற்றித் தெளிந்தால் ஆழத்துக்குப் போய்விடும், ஆள் நிழல் விழுந்தாலே ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் உண்டு. வெள்ளம் வடிந்து, தண்ணீர் பச்சையாகி, முழங்கால் ஆழத்தில் நின்றால் பூட்ஸ் நுனி மங்கலாகத் தெரிகிற நேரம். அப்போது சின்னவாயனுக்குக் கொலைப்பசி. அந்த நேரம் வந்துவிட்டால் க்ளேருக்கு வீடு, வாசல், பெண்டாட்டி எதுவும் நினைவிருக்காது.

லோர்னா அவனை விட்டுப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். "என்னோட உக்காந்து ஒரு வேளை முழுசா சாப்பிட்டதில்ல அண்ணி," என்றாள் என்னிடம். அழக்கூட இல்லை. பிறகு இரும்புக்கடை வைத்திருக்கும் லாமரைக் கட்டிக்கொண்டாள். லாமர் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். எனக்கு அவனைப் பிடிக்கும், சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும்.

மகள் கெண்ட்ராவுக்கு மட்டும் க்ளேர் ஒன்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தான். அவள் சிறுமியாக இருக்கும்போது இழுப்பான தண்ணீரில் கையோடு கை கோத்து நடத்திப் போவான். "ஒரு கால் நல்லா ஊனின அப்புறம்தான் அடுத்த காலை எடுக்கணும். அவசரமே கூடாது," என்பான். அவசரக்குடுக்கை வாயிலிருந்து இந்தப் பேச்சா என்று நான் கரையில் நின்று சிரிப்பேன். ஆனால் ஆற்றுக்குள் அவளோடு நடக்கும்போது அவன் நிஜமாகவே மெதுவாகத்தான் நடப்பான்.

அந்தப் பெண் பள்ளி முடித்துச் சான்றிதழ் வாங்கிய நாளில் ஆறு வடிந்துகொண்டிருந்தது. இவன் விழாவுக்குப் போகவில்லை. அதை அவள் மறக்கவும் இல்லை. அதனால்தான் கல்யாணம் நிச்சயமானதும் நேராக அவன் வீட்டுக்கு வந்து, என்னையும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கல்யாணத்துல நீங்கதான் என்னைக் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போகணும்ப்பா. ஆனா அந்த நேரத்துக்கு நீங்க வரலைன்னா லாமர் கூட்டிட்டுப் போவாரு. அதுக்கப்புறம் நான் உங்களை எதுக்கும் கூப்பிட மாட்டேன். புள்ள பொறந்தாக்கூட."

"வராம எங்க போவேன்?" என்றான் க்ளேர்.

"அதான் பயமா இருக்கு," என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க மழை. ஊர் உணவுக்கடையில் அவனை விட்டு வைத்தார்களா? "என்ன க்ளேர், சனிக்கிழமை பொண்ணு கையா, தூண்டில் கையா?" என்று ஒவ்வொருத்தனும் சீண்டினான். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. இனி ஆறு வடியத் தொடங்கிவிடுமே என்று எனக்கு அப்போதே பயம்.

சனிக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன். கல்யாணக் கோட்டு கதவில் தொங்கியது, பூட்ஸைக் காணோம். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஆற்றுக்குக் காரை விட்டேன். படகுத்துறையில் அவன் வண்டி நின்றது. அவன் ஆற்று நடுவே புல்திட்டில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊருக்குச் சற்று மேலேதான் ஜூனியாட்டா என்கிற சின்ன ஆறு வந்து சஸ்குவெஹானா என்கிற பெரிய ஆற்றில் சேர்கிறது. சேர்கிறது என்று பேர்தான். விவாகரத்தானவர்கள் ஒரே விசேஷத்துக்கு வந்தது போல, இரண்டு தண்ணீரும் ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் மைல் கணக்கில் ஓடும். எங்கள் கரையோரம் ஓடுவது ஜூனியாட்டா. நடுவில் ஓடுவது பெரிய ஆறு. வடக்கே பெய்த மழை அதில் தாமதமாகத்தான் வந்து சேரும். வெளியூர்க்காரர்கள் எங்கள் கரைத் தண்ணீரைப் பார்த்து, வடிந்துவிட்டது என்று நம்பி இறங்குவார்கள். அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தித் திட்டுகிறவனே க்ளேர்தான். அன்றைக்கு அவனும் அதே தப்பைத்தான் செய்திருந்தான். கரையோரம் அழகான பச்சை. திட்டுக்கு அப்பால் செம்மண் நிறத்தில் ஒரு கோடு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கமாக அகன்றுகொண்டிருந்தது.

"டேய், பின்னாடி பாருடா!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தான். கையிலிருந்த கம்பு தாழ்ந்தது. அவன் நடந்து போன பாறைகள் எல்லாம் அதற்குள் முழுகியிருந்தன.

"கல்யாணத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கு அக்கா?"

"ஒரு மணி நேரம்கூட இல்ல. அங்கயே இரு. தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடறேன்."

"கூப்பிடாத. கூப்பிட்டா கல்யாண மண்டபத்துலதான் அபாயச் சங்கு ஊதும். லோர்னா, லாமர் எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நானே வந்துடறேன்."

அவன் சொன்னது சரி. எங்கள் ஊரில் கல்யாணம், காரியம் எல்லாமே தீயணைப்புப் படையின் மண்டபத்தில்தான். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அடுத்த கதவு. படையில் இருப்பதெல்லாம் ஊர்ப் பையன்கள், சம்பளம் கிடையாது. மாப்பிள்ளை கோரி பிட்டிங் அவர்களுடைய மீட்புப் படகை ஓட்டுகிறவன்.

நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் தண்ணீரில் இறங்கிவிட்டான். இடுப்பளவு வந்ததும் ஆறு அவனைப் பக்கவாட்டில் தள்ளியது. கம்பு போனது, தொப்பி போனது. ஒரு நொடி தலையும் போனது. என் உயிர் என்னிடம் இல்லை. புல்லைப் பிடித்துத் திட்டில் ஏறி, இருமிவிட்டு, மறுபடி இறங்கக் காலை வைத்தான்.

"இன்னொரு அடி வச்ச, நான் உன் பொணத்தைத்தான் அவளுக்குக் காட்டணும்," என்று சொல்லிக்கொண்டே போனை அழுத்தினேன். மேட்டில் இருந்த மண்டபத்தில் சங்கு ஊதத் தொடங்கியது. அவன் காதைப் பொத்திக்கொண்டு திட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

படகு வந்தது. பின்னால் இயந்திரத்தைப் பிடித்திருந்தது கோரிதான். வெள்ளைச் சட்டை, உயிர்காப்பு உடுப்பின் ஓரத்தில் நசுங்கிப்போன கல்யாணப் பூ. மாப்பிள்ளைத் தோழர்கள் ரெண்டு பேர் முன்னால். பொல்லாத தண்ணீரில் படகைத் திட்டோடு ஒட்டி நிறுத்தி, ஒரு ஆரஞ்சு உடுப்பைத் தம்பிக்கு மாட்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

"நீ ஏன்டா வந்த? உனக்கு இன்னைக்குக் கல்யாணம்," என்றான் க்ளேர் கரையில் இறங்கி.

"உங்களுக்கும் இன்னைக்கு ஒரு வேலை இருக்கு மாமா," என்றான் கோரி. "ஏறுங்க வண்டியில."

வழியில் என் காரில் அவன் பல் தந்தியடித்தது. நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"எதுக்குடா போன? ஒரு நாள், இந்த ஒரு நாள் உன்னால இருக்க முடியலையா?"

"கை நடுங்குச்சு அக்கா. விடிஞ்சதுலேர்ந்து. அத்தனை பேர் முன்னாடி நடக்கணும், லாமர் அங்க உக்காந்து பாப்பான். கொஞ்ச நேரம் தூண்டில் போட்டா நடுக்கம் நின்னுடும்னு போனேன்."

"நின்னுச்சா?"

"இல்ல," என்றான்.

மண்டபத்து வாசலில் கெண்ட்ரா வெள்ளை உடையில் நின்றாள். பக்கத்தில் லாமர், கையை மடக்கித் தயாராக. நேரம் தாண்டியிருந்தது. க்ளேர் அரைக்கால் சட்டையும் சேற்றுப் பூட்ஸும் அந்த ஆரஞ்சு உடுப்புமாக இறங்கினான். கழற்ற வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. லாமர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் லோர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கோபம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள் கெண்ட்ரா.

"நெனைக்கல," என்றான்.

"சங்கு ஊதினதும் நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்." அவன் தோளில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள். "கையைக் குடுங்க."

கதவு திறந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அடக்கினார்கள். க்ளேர் வழக்கம்போல விறுவிறு என்று நடக்கத் தொடங்கினான். அந்த நீள நடையை ஓடியே கடந்துவிடுகிறவன் போல. கெண்ட்ரா நின்றுவிட்டாள். அவன் கையோடு தன் கையைக் கோத்து, முழங்கை வரை இறுக்கிக்கொண்டாள். நான் பின்னாலேயே போனதால் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவசரம் கூடாதுப்பா. ஒரு கால் ஊனின அப்புறம்தான் அடுத்த கால்."

அவன் அழுதான். ஊரே பார்க்க, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதுகொண்டே, ஒவ்வொரு காலாக ஊன்றி மகளை நடத்திப் போனான். தரையெல்லாம் ஆற்றுத் தண்ணீர். முன்னால் கோரி ஈரச் சட்டையோடு காத்திருந்தான்.

பிறகு விருந்து. கோழியும் சோளமும் போட்ட சூப், பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, கேக் என்று ஒவ்வொன்றாக வந்தது. மேஜைக்கு அடியில் க்ளேரின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. என் தட்டு அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் நல்ல வெயில். அவன் எழுந்திருக்கவில்லை. கடைசித் தட்டு எடுக்கும்வரை அந்த நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்தான். எதிர் மேஜையிலிருந்து லோர்னா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.