டெல்லிக்குப் போன பட்ஜெட்

யாராவது பணம் கேட்டால் எங்கள் அப்பாவுக்குப் பிடிக்காது. யாரிடம் யார் கேட்டாலும் சரி. கணக்குத் தணிக்கை ஆபீசில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து, மற்ற இலாகாக்காரர்கள் அனுப்பிய பில்களில் சிவப்புப் பென்சிலால் ‘இது தேவையா?’ என்று எழுதியே ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு வெட்டுவதற்கு எதுவும் இல்லாமல் தவித்தார். மளிகைச் சிட்டையை அவர் கண்ணில் காட்டுவதையே அம்மா நிறுத்திவிட்டாள். அவரே பணம் கேட்ட ஒரே இடம் அவருடைய பழைய ஆபீஸ்தான். சம்பளத் திருத்தத்தில் தனக்கு வர வேண்டிய அரியர்ஸ் இன்னும் வரவில்லை என்று வாரம் தவறாமல் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் கையில் என் ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் சிக்கியது என் கிரகசாரம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை இல்லை. பிரசவ விடுமுறையில் போனவளின் இடம். கோடை முடிந்ததும் அவள் வந்துவிடுவாள். அப்புறம் எனக்கு இரண்டே வழி. டெல்லியில் சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் குழு ஒன்று இருந்தது. அது மனசு வைத்தால் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்யலாம். வைக்காவிட்டால் பீரோவில் இருக்கும் என் ஜாதகம் வெளியே வரும். இது வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம். அம்மா உடனே சம்மதித்தாள். டெல்லிக்காரன் எங்கே கொடுக்கப்போகிறான் என்ற நம்பிக்கைதான் காரணம்.

என் ஆராய்ச்சியின் விஷயம், பெண்கள் வீட்டில் செய்யும் வேலை. சம்பளம் இல்லாத, எந்தக் கணக்கிலும் ஏறாத அந்த வேலைக்கு என்ன மதிப்பு போடலாம் என்று ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். முதல் பக்கத்தை ஆவேசமாக எழுதியிருந்தேன். அடையாறில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு, “ஆவேசம் போதும். பட்ஜெட் எங்கே?” என்றார். பட்ஜெட்டுக்கு நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே என்று அப்பாவிடம் கொண்டுபோனேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சிவப்புப் பென்சிலைச் சீவினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

“பஸ் செலவுன்னு போட்டிருக்கியே, எதுக்கு?”

“மாம்பலம், நந்தனம், அசோக் நகர்னு எல்லா இடத்துக்கும் போகணும்ப்பா.”

“நந்தனம் நடக்கற தூரம்தான்.” ஒரு கோடு விழுந்தது. “மத்தியானச் சாப்பாடா? ஆத்துலேர்ந்து தயிர்சாதம் எடுத்துண்டு போறது. சர்க்கார் காசுல சாப்பிடுவாளா யாராவது?” இன்னொரு கோடு. கேள்வித்தாள் அச்சடிக்கும் செலவுக்கு, சபா நோட்டீஸ்களின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்றார்.

கடைசியில் ‘கள ஆய்வாளர், ஒருவர்’ என்ற இடத்துக்கு வந்தார். கல்யாணமாகாத பெண் ஒருத்தி தனியாகப் போய், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று கேட்டால் எவரும் உள்ளே விடமாட்டார்கள், கூட வந்து கேள்வி கேட்க ஒரு பெரிய மனுஷி வேண்டும் என்று விளக்கினேன்.

“அதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வெப்பாளா? உங்கம்மா வருவா. அவ ஆத்துல சும்மாதானே இருக்கா!”

சமையலறையில் அம்மா இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுற்றியது.

அப்பா அந்த வரியை அடித்துவிட்டு, முத்து முத்தான இங்கிலீஷில் எழுதினார்: இந்த வேலையை விண்ணப்பதாரரின் தாயார் செய்வார், செலவு ஒன்றுமில்லை. மொத்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தச் சிக்கனத்தைப் பார்த்து டெல்லிக்காரன் அசந்துபோவான் என்றார். அசந்துதான் போனான்.

மாட வீதி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கார்பன் வைத்து அடித்து வாங்கிவந்ததும், அம்மா மேல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

“கிடைக்கக் கூடாதுன்னு நினைச்சிண்டு எதுக்கும்மா மஞ்சள்?”

“கிடைக்கறதும் கிடைக்காததும் பகவான் இஷ்டம். அதுக்காக வெறும் மூலையோடயா அனுப்புவா?”

ராகுகாலம் கழித்துத் தபாலில் சேர்த்தோம்.

பதில் வந்தபோது அப்பாதான் பிரித்தார். சர்க்கார் உறை யார் பெயருக்கு வந்தாலும் எங்கள் வீட்டில் அது அவருக்குச் சொந்தம். குழு இரண்டே கேள்வி கேட்டிருந்தது. இவ்வளவு சொற்பத் தொகையில் இந்த ஆராய்ச்சியை எப்படிச் செய்வீர்கள்? அடுத்தது, முதல் பக்கத்தில் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று வாதாடுகிறீர்கள், கடைசிப் பக்கத்தில் தாயாரின் உழைப்புக்குச் செலவு இல்லை என்கிறீர்கள். இரண்டில் எது உங்கள் கருத்து? மாதக் கடைசிக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

எனக்கு மானம் போயிற்று. அப்பாவின் துக்கம் வேறு. வாழ்நாள் பூராவும் ஊராருக்கு ஆட்சேபம் எழுதி அனுப்பியவருக்கு, முதல் தடவையாக ஒருவன் ஆட்சேபம் எழுதி அனுப்பியிருக்கிறான். “அப்ஜெக்‌ஷன்! எனக்கு!” என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லஸ் பக்கம் நடக்கப் போய்விட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்னடி எழுதியிருக்கான்?”

தமிழில் சொன்னேன்.

“இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னேன்.

“என்னைப் பத்தியா? டெல்லியில உக்காந்துண்டா?” கடிதத்தை வாங்கி, எந்த வரியில் தான் இருக்கிறாள் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பி வந்தபோது கோபம் தணிந்திருந்தது. “சரி, சம்பளத்துக்கு ஆள்னு போட்டுடறேன். யாரையாவது தேடிக்கலாம்.”

“யாரைத் தேடணும்? நான்தான் இருக்கேனே,” என்றாள் அம்மா. “சம்பளம் போட்டா வரேன்.”

“உனக்கா!”

“சும்மா வரதுக்கு வேற ஆளைப் பாருங்கோ.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. அவளுக்குச் சம்பளம் போட்டால் டெல்லிக்குச் சரியான பதில் போகும். பதில் போனால் பணம் வரும். பணம் வந்தால் ஜாதகம் பீரோவிலேயே கிடக்கும். மாம்பலத்தில் ஒரு பாங்க் மாப்பிள்ளையை அவள் ஏற்கெனவே மனசுக்குள் முடித்து வைத்திருந்தாள். சம்பளமா, மாப்பிள்ளையா என்று புரியாமல் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசத்தில் உப்பு ஒருநாள் தூக்கலாக இருந்தது, மறுநாள் இல்லவே இல்லை. நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். என் இரண்டு வருஷம் அந்த ரசத்தில்தான் மிதந்துகொண்டிருந்தது. அப்படிப் பயந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு.

ஒரு காலை, அப்பா முன்னால் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “பாங்க்காரன் போனா இன்னொரு பாங்க்காரன் வரான். மெட்ராஸ்ல பாங்க்குக்கா பஞ்சம்? எனக்கு எவ்வளவு போடப்போறேள்?”

அப்பா தாளை எடுத்தார். “என்ன படிப்பு?”

“தெரியாதாக்கும். மூணாம் ஃபாரம்.”

“அனுபவம்?”

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மேற்கொண்டு கேட்காமல் தானாகவே ஏதோ எழுதிக்கொண்டார்.

மற்ற ஆராய்ச்சிகளில் கள ஆய்வாளருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பேராசிரியரிடம் விசாரித்து வந்தேன். அம்மாவாக இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்றும் சொல்லியிருந்தார். தொகையைப் பார்த்ததும் அப்பாவின் கை பழக்க தோஷத்தில் பென்சிலுக்குப் போனது. அம்மா கரண்டியும் கையுமாக நிலைப்படியில் வந்து நின்றாள். பென்சில் மேஜைக்குத் திரும்பியது. பஸ் செலவும் சாப்பாடும்கூட அன்றைக்கே உயிர்பெற்றன.

பணம் கிடைத்தது. கடிதத்தைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். சொல்வதற்கென்ன, சந்தோஷத்தில்தான்.

அம்மாவைப் போல மோசமான ஆய்வாளர் இந்தியாவிலேயே இருந்திருக்க மாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் அவளே சொல்வாள். நடுவில் வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொல்வாள். வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் எனக்காக அவன் நட்சத்திரத்தையும் கேட்டு, கேள்வித்தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வாள். ஆனால் எந்த வீட்டிலும் எங்களை வாசலோடு அனுப்பவில்லை. நந்தனம் ஹவுசிங் போர்டில் ஒருத்தி, “நான் என்ன வேலை செய்யறேன், வீட்ல சும்மாதான் இருக்கேன்,” என்றபோது அம்மா பதறிப்போனாள். “அப்படிச் சொல்லாதீங்கோ! டெல்லியில ஒத்துக்கமாட்டா!”

தியாகராய நகரில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டு அம்மாள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், கடைச் சிப்பந்திகள் அத்தனை பேருக்கும் தன் அடுப்பிலிருந்துதான் சோறு போகிறது என்று சொல்லிவிட்டு, “மத்தபடி எனக்கு என்ன வேலை கெடக்கு?” என்றார். கடற்கரை ஓரக் குடிசைகளில் ஒரு பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா மாமி, இந்த வெயில்ல வூடு வூடா சுத்திக்கினு கீறியே, துட்டு குட்க்குறாங்களா?”

“பின்னே? மாசச் சம்பளம்,” என்றாள் அம்மா. முதல் சம்பளம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

அது வந்த நாளில் அப்பா கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். யாரும் அவரைக் கணக்காளராகப் போடவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார். ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப்பை ஒட்டி அம்மா பக்கம் தள்ளினார். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேனாவை வாங்கி, ஸ்டாம்ப்பின் மேல் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். என் அம்மாவின் கையெழுத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அப்பா ரூபாய் நோட்டுகளை நீட்டினார். அம்மா வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“இது இந்த மாசத்துக்கு. முன்னாடி செஞ்சதுக்கெல்லாம்?”

“முன்னாடின்னா?”

“அதான், நீங்க வாராவாரம் எழுதறேளே. அரியர்ஸ்.”

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அம்மாவையும், அவளுக்குப் பின்னால் தெரிந்த சமையலறையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தத் தேதியிலேர்ந்து கணக்குப் போடுவேள்?” என்று அம்மா விடாமல் கேட்டாள்.

“டூட்டியில சேர்ந்த தேதியிலேர்ந்துதான் போடணும்,” என்றார் அப்பா, குரல் எழும்பாமல். “ரூல் அதுதான்.”