துளசிராமின் ரத்தான ஆர்டர்

துளசிராம் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு முடிவெட்டும் கடையில் வந்தது. பாதித் தலைதான் முடிந்திருந்தது. எங்கள் பழைய டெலிபோன் கம்பெனி ஆட்களின் வாட்ஸப் குழுவில், ஒரு காலை வணக்க ரோஜாவுக்கும் யாரோ ஒருவருடைய பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் அது கிடந்தது. "நம்ம துளசி இன்று காலை மாரடைப்பில் காலமானார்." அதற்கு முதலில் வந்த பதில் ஒரு கட்டைவிரல். போட்டவர் அவசரத்தில் அழுத்தியிருப்பார், பாவம், உடனே எடுத்தும்விட்டார். துளசிராம் இருந்திருந்தால் அந்தக் கட்டைவிரலை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பார். "என்னண்ணே, கண்ணுல முடி விழுந்துருச்சா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். மீதித் தலையையும் வெட்டி முடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதித் தலையோடு போய் நின்றிருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்திருப்பார்.

அவர், இவர் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேரில் எனக்கு அவர் மாப்ள, அவருக்கும் நான் மாப்ள. ஆனால் அஞ்சலிக் கட்டுரையில் அப்படி எழுதினால் அவர் வீட்டம்மா கோபித்துக்கொள்வார்கள் என்பதால் மரியாதையாகவே போகிறேன். அவரை அறிந்தவர்கள் தேவையான இடத்தில் மாப்ள போட்டுப் படித்துக்கொள்ளவும்.

நாங்கள் நண்பர்களாகப் பழகத் தொடங்கியவர்கள் அல்ல. அவருடைய ஆர்டர்களை நிராகரிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மதுரையில் அவர் வேலை பார்த்தது ஒரு புது டெலிபோன் கம்பெனி. ஊரெல்லாம் போர்டு வைத்து ஆள் பிடித்தார்கள், ஆனால் சொந்தமாகக் கம்பி கிடையாது. கம்பி எல்லாம் எங்கள் கம்பெனியுடையது. அவர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் எங்களுக்கு ஆர்டர் அனுப்புவார்கள், எங்கள் லைன்மேன் போய் இணைப்புக் கொடுப்பார். அதுவரை எல்லாம் ஃபேக்ஸில் நடந்தது. ஃபேக்ஸ் பாதி வரும், மீதி வராது. அதனால் இனிமேல் இரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களும் நேராகப் பேசிக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் முடிவானது. அந்த வழியைத் திறப்பதற்கு முன்னால் பொய் ஆர்டர்களை அனுப்பி, சரியானதை ஏற்கிறதா, தப்பானதைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்புவது அவர். இந்தப் பக்கம் உட்கார்ந்து காரணம் சொல்லித் தள்ளுவது நான்.

அவர் அனுப்பிய முதல் ஆர்டரில் வாடிக்கையாளர் பெயர் சோதனை. முகவரி, ஒன்றாம் எண், சோதனைத் தெரு. எங்கள் கம்ப்யூட்டரில் மதுரையின் தெருக்கள் எல்லாம் ஏற்றியிருந்தோம், அதில் இல்லாத தெருவை அது ஏற்காது. தள்ளினேன். இரண்டாம் எண், சோதனைத் தெரு வந்தது. அதையும் தள்ளினேன். பிறகு சோதனைச் சந்து வந்தது. காளவாசலில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மத்தியானம் மொபெட்டில் ஒரு ஒல்லி மனிதர் வந்து இறங்கினார். என் மேஜைக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"ரிஜெக்ட் பண்றது நீங்கதானா? ஆளு பாக்க நல்லாத்தானே இருக்கீங்க."

"தெருவே இல்லாம லைன எங்க சார் குடுக்கிறது?" என்றேன்.

"அப்ப நெசத் தெரு, நெச வீடு குடுத்தா ஒத்துக்கிருவீகளா?"

"குடுத்துப் பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து துளசிராமின் மொத்தச் சொந்தபந்தமும் எங்கள் வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். அவருடையது பெரிய சௌராஷ்டிரக் குடும்பம், ஊரெங்கும் பரவிக் கிடந்தது. குணத்துக்குத் தக்கபடி ஆளுக்கு ஒரு சோதனையை ஒதுக்கினார். வருஷத்துக்கு ஒரு வீடு மாறும் மச்சானுக்கு இடமாற்ற ஆர்டர். தன் பெயரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதும் அத்தைக்குப் பெயர் திருத்த ஆர்டர். கோச்சடையில் இருந்த பெரியப்பா, சுங்குடிச் சேலை வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர், எதையும் கேட்டுவிட்டு மறுநாளே வேண்டாம் என்பவர். அவருக்கு ரத்து ஆர்டர். துளசிராமின் கம்பெனியில் உண்மையான மனிதர்களைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. "ஆளு இல்லாத ஆர்டரு ஆர்டரே இல்ல மாப்ள" என்பார். "நாம்பாட்டுக்கு ஏ, பி, சி-னு பேரு வச்சா, அந்த ஏ என்ன கேப்பான், எப்பக் கோவிச்சுக்கிருவான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நடுவில் அவர் தங்கை கல்யாணம் வந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் வாய் தவறி, "ஓ, பின்கோடு இல்லாம வந்தவரா!" என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் பார்க்கிற முகத்தில் எல்லாம் எனக்கு ஒரு நிராகரிப்புக் காரணம்தான் தெரிந்தது. எதிர்வரிசையில் அந்த அத்தை பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் எத்தனை முறை தள்ளியிருப்பேனோ, எதுவும் தெரியாமல் என் இலைக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.

திறப்பு விழாவுக்குத் துளசிராமின் கம்பெனி முதலாளி நல்ல நாள் பார்த்துக் கொடுத்துவிட்டார். பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று துளசிராம் கையெழுத்துப் போட்டால் விழா நடக்கும். அவர் அப்போது தற்காலிக ஊழியர். அந்தக் கையெழுத்தோடு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மகள் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை நிரந்தரமானதும் மதுரையிலேயே ஒரு வீடு பார்ப்பதாக மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். என்னிடமும் வாரத்துக்கு ஒரு தெருவைப் பற்றி அபிப்பிராயம் கேட்பார்.

கையெழுத்துப் போடும் கூட்டம் எங்கள் அலுவலகத்தில் ஒரு காலையில் நடந்தது. அவர்கள் வட்டார மேலாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கழுத்துப்பட்டி, நல்ல செண்ட், மதுரை வெயிலுக்கு இரண்டுமே தாங்கவில்லை. திரையில் ஆர்டர்கள் வரிசையாகப் பச்சை நிறத்தில் நின்றன. கடைசியில் கோச்சடைப் பெரியப்பாவின் ஆர்டர். போடப்பட்டது, ரத்து செய்யப்பட்டது, ரத்து ஏற்கப்பட்டது. அதுவும் பச்சை. துளசிராம் பேனாவைத் திறந்த நேரம் அவருடைய செல்போன் அடித்தது.

எடுத்து அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ பேசினார். எங்களில் ஒருவருக்கும் சௌராஷ்டிரம் தெரியாது. வீட்டு விஷயம் போல என்று மேலாளர் டீயைக் குடித்தார். ஆனால் துளசிராமின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒரு கட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அந்த இடத்தில் போனை வைத்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அவர் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். "பெரியப்பா, தமிழ்ல சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"என்னடா புதுசா தமிழு?" என்றது ஒரு பெரிய குரல். "சரி சொல்றேன். காலைல ரெண்டு பேரு வந்து போன் மாட்டிட்டுப் போனாங்க. நீதான் சொல்லிவிட்டேன்னாங்க. நல்லா இருப்படா! அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டுப் பேசிட்டேன். உஞ் சித்திக்குத்தான் லைன் கெடைக்கல."

மேலாளர் சிரித்தார். "இது வேற ஏதோ லைனா இருக்கும், துளசி. நீங்க கையெழுத்தப் போடுங்க."

"சார், ரத்தான ஆர்டர்ல ஒரு நம்பர் இருக்கு பாருங்க. இந்தா, மேசை போன்லயே நீங்களே போட்டுப் பாருங்க. பெரியப்பா, நீங்க வைங்க."

மேலாளர் திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். திரையின் கணக்கில் அந்த லைன் இந்த உலகத்திலேயே இல்லை. ஆனால் கோச்சடையில் மணி அடித்தது.

"ஹலோ, யாரு? சத்தமாப் பேசுங்க!"

"நான்... வட்டார மேலாளர் பேசறேன்."

"மேனேஜருங்களா? ரொம்ப நன்றிங்கய்யா! லைன் கண்ணாடி மாதிரி கேக்குது. எங்க துளசியக் கைவிட்டுறாதீங்க, நல்ல பய."

மேலாளர் ரிசீவரை மெதுவாக வைத்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். 

நடந்தது இதுதான். திறப்பு நெருங்குகிறதே என்று எங்கள் ஆட்கள், கேட்காமல் கொள்ளாமல், சோதனைக் கம்ப்யூட்டரை லைன்மேன்கள் அலுவலகத்துப் பிரிண்டரோடு இணைத்துவிட்டார்கள். அது எங்கள் பக்கத்துக் கைங்கரியம். அதற்குப் பிறகு போட்டது பெரியப்பாவின் ஆர்டர் மட்டும்தான், அது அங்கே காகிதமாக வந்து விழுந்தது. பின்னால் வந்த ரத்து அங்கே போகவே இல்லை. கம்ப்யூட்டர்கள் இரண்டும் தங்களுக்குள் ரத்து என்று கைகுலுக்கிக்கொண்டன. லைன்மேன்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏணியோடு கிளம்பிவிட்டார்கள். அந்தச் சோதனையில் உண்மையான வீடு மட்டும் இல்லாதிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. திறந்த பிறகு, வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொருவர் வீட்டுக்கும் லைன் போயிருக்கும், பின்னாலேயே பில்லும் போயிருக்கும்.

விழா தள்ளிப்போனது. முதலாளி அடுத்த நல்ல நாள் பார்ப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க ஒன்றும் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிழையைச் சரிசெய்ய எங்களுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது ஆடி மாதம்தான். பெரியப்பாவின் லைனைப் பிடுங்கப் போன லைன்மேனுக்கு அவர் கதவையே திறக்கவில்லை. "வாசல்ல நின்னு பேசு, கம்பில கைய வச்ச, அம்புட்டுத்தான்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் முறைப்படி விண்ணப்பம் கொடுத்து அந்த லைனையே வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்திலிருந்து வந்து, நான் முதல் தடவையிலேயே ஏற்ற ஆர்டர் அது ஒன்றுதான்.

துளசிராமை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உண்மையான வீட்டு முகவரியைச் சோதனைக்குப் பயன்படுத்தியது விதிமீறலாம். அன்று சாயங்காலம் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று பருத்திப்பால் குடித்தோம். எனக்குத் தாங்கவில்லை, கத்திவிட்டேன். "ஒங்க பாஷையிலயே பேசி வச்சிருந்தா யாருக்குய்யா தெரியும்? போட்டுட்டுப் போக வேண்டியதுதானே!"

"எங்க பெரியப்பாவுக்கு நானிருக்கேன் மாப்ள, கூப்புட்டுச் சொன்னாரு" என்றார். "மத்தவன் எவனக் கூப்புடுவான்? கம்ப்யூட்டர்ல பச்சையாத்தானே இருக்கு, நீ பொய் சொல்றேன்னுதானே சொல்லுவாக அவன?" அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, பருத்திப்பாலில் சுக்கு தூக்கல் என்று கடைக்காரரிடம் தகராறு செய்யப் போய்விட்டார். கடைக்காரர் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அதிலும் தூக்கல்தான் என்றார் துளசிராம்.

பிறகு ஆனையூரில் ஜெராக்ஸ் கடை வைத்தார். உங்களில் பலருக்கு அந்தக் கடை தெரியும், அங்கே திட்டு வாங்காதவர்களும் குறைவு. கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கொண்டுபோனால், மண்டபத்துக்குப் போன் போட்டுத் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். ஒரு முறை மண்டபக்காரர், அந்த நாளை வேறு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா கடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, வேறு மண்டபம் தேடி அவரோடு மொபெட்டில் சுற்றியவரும் இவர்தான். அன்று முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன். சிரிப்பு என்று சொல்லலாம், அதை எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கென்று இருப்பது ஒரு போன் பேச்சு.

ஆடி முடிந்து, இரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்ளத் தொடங்கிய பிறகு, உண்மையான முதல் ரத்து கொட்டாம்பட்டியிலிருந்து வந்தது. ஒரு அம்மா லைன் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். திரையில் பச்சை. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அவர் கொடுத்திருந்த மளிகைக் கடை எண்ணுக்குப் போட்டு அவரை அழைத்துவரச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தார்.

"யாருய்யா? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. போன் வேணாம்னு சொன்னீங்கள்ல, லைன் போட யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே. ஏன், வரணுமா?"

"வர வேணாம்மா. அதத்தான் கேட்டேன்."

"ஒண்ணும் நடக்கலன்னு கேக்குறதுக்கா என்னைய இம்புட்டுத் தூரம் ஓடியாரச் சொன்ன? வெளங்குவியா நீயி?" என்று ஆரம்பித்தவர் எளிதில் நிறுத்தவில்லை.

வைத்த கையோடு துளசிராமைக் கூப்பிட்டேன். வேலை போய் வீட்டில் இருந்தார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அம்மா திட்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். வெளங்குவியா என்ற இடத்தை இன்னும் அழுத்திச் சொல்லச் சொன்னார். பிறகு குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார். 

"அந்தம்மா வீட்டுக்கு யாரும் வரலைல்ல?"

"வரல மாப்ள."

"அப்பச் சரி" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. அதுதான் என்னிடம் இருக்கிறது.