வரிசையில் நின்ற குடம்

அமெரிக்காவின் குபெர்டினோவில் என் ஏழு வயது மகள் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். மூடச் சொன்னால் கேட்கமாட்டாள். ஒரு நாள் ஒரு கதையை எடுத்துவிட்டேன்: "உன் வயசுல அப்பா மெட்ராஸ்ல டெய்லி குடம் குடமா தண்ணி தூக்கினேன், தெரியுமா?" அன்றிலிருந்து குழாய் மூடிக்கொண்டது.

உண்மையில் தூக்கியது அம்மாவும் அக்காவும். என் வேலை, அடிபம்பு வரிசையில் குடத்தை வைத்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போவது. எங்கள் தெருவில் ஆட்கள் நிற்கமாட்டார்கள், குடங்கள்தான் நிற்கும்.

அந்த வருடம் மகளின் பள்ளியில், ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் கிணறு வெட்ட நிதி திரட்டினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் படும் பாடு புரிவதற்காக, பெற்றோர்கள் மைதானத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்துபோய் மறுகோடியில் இருக்கும் பீப்பாயை நிரப்ப வேண்டும். "எங்கப்பா இதில் எக்ஸ்பர்ட்" என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கல்யாணச் சீராக வந்து, மூலையில் குடைகளைத் தாங்கிக்கொண்டிருந்த எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துக் கொடுத்தாள் மனைவி.

"போய்ட்டு வாங்க, எக்ஸ்பர்ட். முதுகு புடிச்சுக்கிச்சுன்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க."

மைதானத்தில் அமெரிக்கர்கள் காலி வாளியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றிருந்தார்கள். பாவம், விவரம் தெரியாத ஜனங்கள். நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு டோனட் மேசைப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தால் குடத்தைக் காணோம். யாரோ நல்ல மனசோடு அதைத் தொலைந்த பொருள்கள் மேசையில் சேர்த்துவிட்டார்கள். ஒற்றைக் கையுறைக்கும் காதறுந்த கரடி பொம்மைக்கும் நடுவே பளபளத்தது. "எவ்வளவு அழகான பூ ஜாடி!" என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார்.

மறுபடி வரிசையின் வாலிலிருந்து ஆரம்பித்தேன். என் முறை வந்ததும் குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றினேன். தண்ணீர் முதலில் காதுக்குள் போனது, பிறகு சட்டைக்குள், கடைசியில் ஷூவுக்குள். பீப்பாய்க்குக் கிடைத்தது அரைக் குடம்.

மகள் பீப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எவ்ரி டே?"

"அது வேற குடம்மா."

போச்சு, இனி குழாய் ஆறாக ஓடப்போகிறது என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குழாயைத் திறந்துவிட்டு ஷேவ் செய்துகொண்டிருந்தேன். பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை வந்து குழாயை இறுக்கி மூடியது.

"அப்பா, ஸ்டாப்! தண்ணி தீந்துட்டா நீதான் தூக்கணும், நீ தூக்கினா பாதிதான் வரும்."