அண்ணாந்து பார்க்கச் சொல்லும் டாக்டரம்மா

“அதோ பாரு ராஜா, கோபுரத்துல கிளி. மேல, இன்னும் கொஞ்சம் மேல.”

குழந்தை அண்ணாந்து பார்க்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் போகும் டவுன் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண்ணின் மடியில் இருக்கும் குழந்தை அது. கிளி அங்கே இருக்கிறதோ இல்லையோ, அதற்குள் டாக்டர் கமருன்னிசா அதன் மூக்கைப் பார்த்து முடித்துவிடுகிறார். தாய் சந்தேகமாகத் திரும்பினால், “ஒண்ணுமில்லம்மா, கொழுகொழுன்னு நல்லாருக்கான்” என்று சொல்லிவிட்டுக் காவிரியை வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கிறார். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். பழக்கம் விடுவதில்லை.

குள்ளமான உருவம். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். பாலக்கரையில், கணவர் நிஜாமுதீனின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவருடைய பரிசோதனைக்கூடம் இருக்கிறது. நோயாளிகள் அங்கே வருவதில்லை. அவர்களுடைய சளியும் சீழும் குப்பிகளில் வரும். டவுனில் உள்ள டாக்டர்களெல்லாம், என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அவரிடம்தான் கேட்டு அனுப்புகிறார்கள். மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு இப்படிக் கண்ணாடித் தட்டுகளோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று உறவுக்காரர்களுக்கு இன்றும் மனக்குறை உண்டு. “ஆளப் பாத்தா பொய் சொல்லுவாங்க. தட்டு பொய் சொல்லாது” என்பது அவர் பதில்.

கிருமிகளுக்குத் தட்டில் சாப்பாடு போட ஆட்டு ரத்தம் வேண்டும். கறிக்கடை ஜெகபர் சாதிக்கிடம் சின்னக் கண்ணாடி மணிகள் போட்ட சீசா ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க, பிடித்த கையோடு அதைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாதிக், வாடிக்கைக்காரர்களோடு பேசியபடியே இடது கையால் குலுக்குவார். டாக்டரம்மா இதை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், “பூச்சி வளர்க்குறாங்க” என்று சொல்லிவிடுவார்.

கிருமிகளைப் பற்றிப் பேசும்போது கமருன்னிசாவின் வாயில் மரியாதைப் பன்மைதான் வரும். “இவங்க எல்லார் மூக்குலயும் குடியிருக்கிறவங்கதான். நம்ம வழிக்கு வர்றதில்ல.” கிருமி வளர உடம்புச் சூடு வேண்டும் என்பதற்காக அவரிடம் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. சித்திரை பிறந்தால் அதை அணைத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொல்வார். “திருச்சி வெயில் போதும், கரண்ட் எதுக்கு?”

போன வருஷம், அறுபதாம் வருஷத்து ஐப்பசியில், கொட்டுகிற மழையில் அவருடைய சிநேகிதி டாக்டர் வேதவல்லி குடையும் ஒரு சீழ்க்குப்பியுமாக மாடிப்படி ஏறி வந்தார். கல்லூரியில் ஒரே மேஜையில் தவளை அறுத்தவர்கள். வேதவல்லி ஸ்ரீரங்கத்தில் சிறியதாக ஒரு பிரசவ விடுதி நடத்துகிறார். நல்ல பெயர். அன்று முகத்தில் சுரத்தே இல்லை.

“கமரு, பொறந்த குழந்தைகளுக்கெல்லாம் கொப்புளம் கொப்புளமா வரது. பென்சிலின் போட்டாச்சு. கேக்கலை. ஒரு குழந்தை நேத்து போயிடுத்து. இன்னொண்ணு இழுத்துண்டு கிடக்கு.”

தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், துணியைச் சந்தேகப்பட்டார்கள், கடைசியில் ஆயா மாரியாயியின் மகளிடம் வந்து நின்றார்கள். வள்ளிக்கண்ணுவுக்கு நான்கு வயது. மூக்கொழுகிக்கொண்டு துணி மடிக்கிற அறையிலேயே விளையாடுகிற பிள்ளை. தலைமை நர்ஸ் ரோசரி, “அந்தப் புள்ளையாலதாம்மா, வேற யாரு” என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். மாரியாயியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“கட்டட்டும். நான் பாக்கறதுக்கு முன்னாடி கெளம்பிடக் கூடாது” என்றார் கமருன்னிசா. அப்போதே கிளம்பினார்.

விடுதிக் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி, முதல் பஞ்சுக் குச்சியைத் தம் மூக்கிலேயே விட்டுச் சுழற்றிக் காட்டினார். பிறகு வேதவல்லி, ரோசரி, மற்ற நர்ஸுகள், ஆயாக்கள். கிளி காட்டி வள்ளிக்கண்ணுவுக்கும் எடுத்தாயிற்று. கடைசியில் வேதவல்லியின் மகன் சம்பத்தைக் கூப்பிட்டார். மூன்று வயது. வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. வார்டு முழுக்க அவன் ராஜ்யம். தொட்டில் தொட்டிலாகப் போய்ப் புதுப் பாப்பாக்களின் நெற்றியில் முத்தம் கொடுப்பான். பிரசவித்த பெண்கள் அவன் வரவுக்காகக் காத்திருப்பார்கள்.

“அவனுக்கு எதுக்கு கமரு? அவன் ஆத்துக் குழந்தை.”

“ஆத்துக் குழந்தைக்கும் மூக்கு இருக்குல்ல.”

தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே பென்சிலினில் நனைத்த சிறு தாள் ஒன்றை வைப்பார்கள். மருந்து பலித்தால் தாளைச் சுற்றி எதுவும் முளைக்காத வட்டம் விழும். பலிக்காவிட்டால் தாளின் விளிம்பு வரைக்கும் பொன்னிறப் புள்ளிகள் வந்து மொய்த்து நிற்கும். மறுநாள் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், கிராம்பைக் கடிக்க மறந்துபோனார். திரும்ப ஸ்ரீரங்கம் போனார். இன்னொரு முறை எடுத்தார். எடுத்தது தப்பாக இருக்கும் என்ற நினைப்பு அவருக்கு இல்லை. சிநேகிதியிடம் சொல்லப்போகிற விஷயத்துக்கு ஒரு தட்டின் சாட்சி போதாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வேதவல்லியை மாடிக்கு வரச் சொல்லி, மூன்று தட்டுகளை ஜன்னலோரம் வைத்தார்.

“இது நீ அன்னிக்குக் குப்பியில கொண்டுவந்தது, செத்துப்போன குழந்தையோட கொப்புளத்துல எடுத்தது. தாளச் சுத்திப் பாரு. வட்டமே இல்ல. இது வள்ளிக்கண்ணு. எவ்வளவு பெரிய வட்டம் பாத்தியா? பென்சிலின் வாசனைகூடப் பாக்காத மூக்கு. இவங்க ஒரு சொட்டுக்கே ஓடிருவாங்க.”

“மூணாவது?”

“சம்பத்து.”

மூன்றாவது தட்டும் முதல் தட்டும் ஒன்றுபோலவே இருந்தன. வேதவல்லி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“அவனுக்கு ஒரு நோவும் இல்லியேடி. ஓடியாடிண்டுதானே இருக்கான்.”

“நோவு இருக்குன்னு நான் சொல்லல. அவனுக்கு ஒண்ணும் செய்யாது. பொறந்து நாலு நாள் ஆன குழந்தை தாங்காது. தும்மினா ஊசி, தும்மலைன்னா மூக்குக்குப் பென்சிலின் களிம்புன்னு போட்டிருக்கல்ல? அவன் மூக்குல மருந்துக்குப் பயந்தவங்கல்லாம் செத்துட்டாங்க. பயப்படாதவங்க மட்டும் மிச்சம் தங்கிட்டாங்க.”

கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். “அப்போ அந்தக் குழந்தைய...” என்று ஆரம்பித்த வேதவல்லியை கமருன்னிசா முடிக்க விடவில்லை.

“மூணு வயசுப் புள்ள முத்தம் குடுத்திருக்கான். அதுக்கு மேல அவன் ஒண்ணும் செய்யல. நீயும் தெரிஞ்சு செய்யல. அழறதுன்னா அப்புறம் அழு. அங்க ஒரு குழந்தை இழுத்துக்கிட்டுக் கெடக்கு, அதைப் பாக்கலாம் வா.”

முதல் தட்டிலேயே, பென்சிலின் தாளைச் சுற்றி ஓரமாக, வேறு மருந்துத் தாள்களும் வைத்திருந்தார். அவற்றில் எரித்ரோமைசினைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம். திருச்சியில் அது உடனே கிடைக்கவில்லை. நிஜாமுதீன் மெட்ராஸிலிருந்த மச்சானுக்கு டிரங்க் கால் போட்டு, ரயிலில் வரவழைத்தார். இழுத்துக்கொண்டு கிடந்த குழந்தை பிழைத்தது. வார்டை மூடிக் கழுவினார்கள், துணியை எல்லாம் வேகவைத்தார்கள், குழந்தைகளின் தொப்புளில் நீல மருந்து பூசினார்கள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் நடுவே கை கழுவாத நர்ஸை கமருன்னிசா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார். ரோசரி முதலில் முணுமுணுத்தார். பிறகு கமருன்னிசாவைவிடக் கறாராக ஆகிவிட்டார். சின்னக் குழந்தை எதுவும், யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும், வார்டுக்குள் வரக் கூடாது என்பது இன்றுவரை அங்கே சட்டம். கொப்புளம் அதற்கப்புறம் வரவில்லை.

மாரியாயி தடுத்தும் நிற்கவில்லை. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். ஆள் விட்டுக் கூப்பிடலாம் என்றார் வேதவல்லி.

“நீதான் வேணாம்னு சொன்ன. நீதான் போகணும்” என்றார் கமருன்னிசா. கார் போகிற மட்டும் காரிலும், அதற்கு மேல் சேற்றில் நடந்தும் இருவரும் போனார்கள். வேதவல்லி அந்த வீட்டு வாசலில் நின்று, தப்பு தன்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னார். மாரியாயி அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கமருன்னிசாவிடம் திரும்பி, “எம்புள்ள மூக்குல என்னங்கம்மா இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“எல்லார் மூக்குலயும் இருக்கிறதுதான் இருந்துச்சு. ஆனா மருந்துக்குப் பயப்படுறவங்க.”

மாரியாயி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சம்பத்தின் மூக்குக்கு வேறு களிம்பு போட்டு, பல வாரம் கழித்து எடுத்த தட்டில் அந்தப் பொன்னிறக் கூட்டம் இல்லை. கமருன்னிசா அதை எல்லோரிடமும் சொன்னார். தட்டையே கொண்டுவந்து காட்டினார். என்றாலும் மனிதர்கள் மனம் அத்தனை சீக்கிரம் தெளிவதில்லை. முன்பு அவனைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் இப்போது அவன் வந்தால் சேலையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். சமையல்காரம்மாள் அவன் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். அவனும் எதையோ புரிந்துகொண்டவன்போல, யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நிற்கப் பழகிவிட்டான். கமருன்னிசாவைக் கோபப்படுத்துகிற விஷயம் உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது அந்தப் பிள்ளை அப்படி ஒதுங்கி நிற்பதுதான்.

போன வாரம் விடுதி வேலையை முடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். வெளிக்கதவருகே சம்பத் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்த வேதவல்லி மெதுவாக, “ஊசி ஒண்ணு போட்டுடவா கமரு?” என்று கேட்டார்.

“வேணாம். தானா போயிரும்.”

ரோசரியும் இரண்டு நர்ஸுகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமருன்னிசா கைப்பையைத் தோளில் மாட்டினார். குனிந்து பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தம் முந்தானையால் அவன் மூக்கை அழுந்தத் துடைத்தார். அந்த முந்தானையையே இடுப்பில் செருகிக்கொண்டு, அவனோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்.