ஐம்பது அடிக் கான்

எங்கள் மலை ரோடு பராமரிப்பு கமிட்டிக்கு நான் செயலாளரானதற்குக் காரணம் ஒன்றுதான். எனக்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும். துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகக் கிளார்க்காக இருப்பவனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

முன்பு ஊருக்குள் ஷாதிபூரில் வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் படிப்புக்காகக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போன பிறகு ஊரைத் தாண்டி மலையடியில் இடம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினோம். வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு ரோடு மேலே ஏறும். மூன்று கிலோமீட்டர், ஆறு வளைவு. நான்காவது வளைவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில் தூரத்தில் ஹேவ்லாக் தீவும் தெரியும். டூரிஸ்டுகள் அதைப் பார்த்துவிட்டு சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். மலை உச்சியில் முப்பது வீடுகள். அந்த வீடுகளுக்கும் வெளியுலகுக்கும் இந்த ஒரு ரோடுதான்.

ரோடு யாருடையது என்பதில் ஒரு தெளிவின்மை இருந்தது. தார் பெயர்ந்து போயிருக்கிறது என்று இரண்டு அலுவலகங்களுக்கு எழுதினேன். ரோடு எங்களுடையது அல்ல, அவர்களுடையது என்று முதல் அலுவலகம் பதில் எழுதியது. இரண்டாவது அலுவலகமும் அதையே எழுதியது. இரண்டு பதிலும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்தேன். கமிட்டி உருவானது அப்போதுதான்.

தலைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே டாலிகஞ்சில் ஹார்டுவேர் கடை. தெலுங்குக்காரர்களுக்கும் பெங்காலிகளுக்கும்கூட அவர் அண்ணாச்சிதான். மேலே டீக்கடை வைத்திருந்த பெங்காலி அம்மாவை எல்லோரும் தீதி என்போம். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் கூட்டம் முடிந்துவிடும். இன்னொருவர் ரப்பர் தோட்டத்துக்காரர். சின்ன வயதில் இலங்கை மலைநாட்டிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, சுனாமிக்குப் பிறகு இங்கே மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கூட்டத்துக்கு வந்தால் கதவுப் பக்கமாக நின்றுகொள்வார்.

பணம் திரட்ட என் மனைவி ஒரு வழி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சாப்பாடு போடுவது. பெங்காலிப் பெண்கள் மீன் குழம்பு, தெலுங்குப் பெண்கள் புளிஹோரா, மலையாளிகள் பாயசம், நாங்கள் சாம்பார். கோயில் மண்டபத்தில் மீன் கூடாது என்று பூசாரி சொன்னதால் மீன் மட்டும் வெளியே மாமரத்தடியில். பன்னிரண்டரைக்கு மரத்தடியில் சட்டி காலி. எங்கள் சாம்பார் மூன்று மணிவரைக்கும் இருந்தது. ஆனாலும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சேர்ந்தது.

அடுத்த வாரம், அந்தப் பணத்தில் என்ன செய்வது என்று கூட்டம் கூடியது. ரோட்டின் தொடக்கத்தில் ஒரு ஆர்ச் கட்டலாம் என்றார் அண்ணாச்சி. இரண்டு பக்கமும் தூண், மேலே நல்வரவு. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். செயலாளர் பெயர் எந்தத் தூணில் வரும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதவுப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்காரர் கேட்டார். “சார், ரோட்டுக்கு ஆர்ச்சு எதுக்குங்க? கான் வெட்டணுங்க.”

கான் என்றால் தோட்டத்து ஆட்கள் பேச்சில் வடிகால், இங்கே மற்றவர்கள் நாலி என்பது. மலைச்சரிவு ஓரமாகத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். தோட்டத்தில் ரோடு இல்லாமல்கூட இருக்கலாம், கான் இல்லாமல் இருக்க முடியாது என்றார். தண்ணிக்கு வழி விடாவிட்டால் அது ரோட்டையே வழியாக எடுத்துக்கொள்ளும் என்றார்.

“சரிதான்,” என்றார் அண்ணாச்சி. “ஆனா நாலிக்குன்னு கேட்டா எவன் துட்டு குடுப்பான்? ஆர்ச்சுன்னா பேரு போடலாம். நாலியில பேர எங்க போட?”

வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றபோது என் மனைவி எழுந்தாள். சாப்பாடு சமைத்தது பதினாலு பெண்கள், அவர்களிடம் கேட்டாயிற்று, அந்தப் பணம் வடிகாலுக்கு, ஆர்ச்சு வேண்டுமென்றால் ஆண்கள் தனியாகச் சமைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்றாள். தீதி “பஸ், ஹோ கயா”, போதும் முடிந்தது, என்று எழுந்து செருப்பை மாட்டினார். கூட்டம் முடிந்தது. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் கடையிலிருந்து அசல் விலைக்கே கொடுத்தார். இரண்டு மண்வெட்டிக்கு விலையே சொல்லவில்லை.

பணம் ரோட்டுக்கு அடியில் போடும் சிமெண்ட் குழாய்களுக்குச் சரியாகப் போயிற்று. வெட்டுவதும் சுத்தமாக வைத்திருப்பதும் எங்கள் வேலை. தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வேலை பிரித்துக் கொடுப்பார்கள், அதுபோலச் செய்யலாம் என்றார் ரப்பர் தோட்டத்துக்காரர். தண்ணீர் இறங்கும் இடங்களில் மட்டும், வீட்டுக்கு ஐம்பது அடி. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு விழுந்தது பதினோராம் நம்பர், நான்காவது வளைவுக்குக் கொஞ்சம் கீழே. ஓர் உருண்டைக் கல்லில் வெள்ளைப் பெயிண்டால் என் நம்பரை எழுதினார்கள். மலையிலேயே அழகான இடம் எனக்கு விழுந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் ஒழுங்காகப் போனேன். சருகை வாரி ஒரு சிமெண்ட் சாக்கில் அடைத்தேன். மண்வெட்டியும் சாக்குமாக நிற்பதைப் போட்டோ எடுத்து பிள்ளைகளுக்கு அனுப்பினேன். அப்பா இளைத்துவிட்டார் என்று பதில் வந்தது. சாக்கைக் கான் ஓரமாகவே சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வேறு வேலை வந்துவிட்டது. மெயின்லேண்டில் ஒரு நலச்சங்கம் இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு நிதி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, மக்கள் பங்கேற்பு பற்றி எட்டுப் பக்க அறிக்கை எழுத ஆரம்பித்தேன். மூன்று ஞாயிறு போனது. ஒரு மாலை ரப்பர் தோட்டத்துக்காரர் வாசலில் வந்து நின்றார்.

“சார், ஒங்க கான்ல எல நெறைய கெடக்குதுங்க.”

“இந்தச் சண்டே பாத்துர்றேன்.”

“நான் அள்ளிப் போட்டுறவாங்க?”

“வேணாம் வேணாம். அது என் பங்கு. நானே செய்யணும்ல.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கையின் ஆறாவது பக்கத்தை எழுதினேன். தலைப்பு, ஒவ்வொருவரின் பொறுப்புணர்வு.

மே மாத மழை இங்கே சொல்லிவிட்டு வராது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை பள்ளி வேன் டிரைவர் மழைக்கோட்டோடு வீட்டுக்கு வந்து, “அங்கிள், ரோடு பந்த்,” என்றார். நனைந்துகொண்டே ஏறிப் போனேன். நான்காவது வளைவுக்குக் கீழே ரோட்டில் பாதி இல்லை. சரிவில் கர்ஜன் மரம் ஒன்று வேரோடு படுத்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு மனிதன் நடக்கலாம், வண்டி போகாது. பதினோராம் நம்பர் கல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு, இந்த மழைக்கு எந்த ரோடு நிற்கும் என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள். உடனே அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று என்னைப் பார்த்தார்கள்.

ரப்பர் தோட்டத்துக்காரர் மட்டும் மேல் பக்கக் கானில் இறங்கிக் குழாய் வாயில் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். வந்தது. சிமெண்ட் சாக்கு. உள்ளே சருகு அழுகிக் களியாகியிருந்தது. அதைக் கொட்டினார். சாக்கை மழையிலேயே அலசினார், நான்காக மடித்தார், கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. அடைபட்ட குழாயிலிருந்து விடுபட்ட தண்ணீர் இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, ஓட வேண்டிய வழியில்.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். முன்னெப்போதும் காணாத கனமழையின் விளைவாக என்று தொடங்கியது. நல்ல கடிதம். என் மனைவி டீயை வைத்துவிட்டுப் படித்தாள்.

“நம்ம கான்ல ஒரு சாக்கு வச்சீங்களே, போட்டோவுல இருந்துச்சே. எங்க அது?”

நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. டீ ஆறிவிட்டது. அன்று முழுக்க அவள் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினாள். அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

மேலே முப்பது வீட்டுக்கும் கேஸ் சிலிண்டர், அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் தோளில் போக ஆரம்பித்தன. டூரிஸ்ட் இல்லை. தீதி விடியற்காலையில் இறங்கி வந்து, பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுவார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு நாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை கூட்டம் போட்டு, எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சாக்கு என்னுடையது. சருகு வாராமல் விட்டதும் நான்தான். அலுவலகத்துக்கான கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை.

அண்ணாச்சி, சாக்கு இல்லாவிட்டாலும் மழை அதிகம்தானே என்று ஆரம்பித்தார். தீதி கையைக் காட்டி நிறுத்தினார்.

“சிட்டி மே லிக்கோ,” என்றார். கடிதத்தில் இதையும் எழுது என்கிறார்.

எழுதினேன். கமிட்டிச் செயலாளரின் கவனக்குறைவால் வடிகாலில் விடப்பட்ட சருகு அடைத்த ஒரு சிமெண்ட் சாக்கு குழாயை அடைத்ததே சரிவுக்குக் காரணம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடத்தில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம். அதன் நகலை இரண்டு அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

பத்து நாளில் முதல் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ‘மேற்படி சாக்கை ஆய்வுக்குச் சமர்ப்பிக்கவும். எங்கள் சாலைக்கு ஏற்பட்ட சேதத்தின் மதிப்பீட்டுக்காக இளநிலைப் பொறியாளர் வருவார்.’ கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு அண்ணாச்சிக்கு போன் செய்தேன். அவரும் நேரில் வந்து படித்தார். எங்கள் சாலை என்ற இரண்டு வார்த்தையில் விரலை வைத்தார்.

“குத்தம்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டாத்தான் ஆபீஸ்காரன் தன் சொத்துன்னு ஒத்துக்கிடுவான் போல,” என்றார்.

சாக்கை ரப்பர் தோட்டத்துக்காரர் துவைத்துக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு ரசீது வாங்கிக்கொண்டு சமர்ப்பித்தேன்.

பொறியாளர் இளம்பெண். சேற்றில் முழங்கால்வரை இறங்கி அளந்தார். என்னைக் காட்டி இவர்தான் அது என்று யாரோ சொன்னபோது, வணக்கம் சார் என்று மரியாதையாகச் சொன்னார். கம்பி வலைக் கூடைகளை அலுவலகம் தரும், அதில் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்ப வேண்டும், ஆள் பற்றாக்குறை என்றார். ஆள் இருக்கிறது என்றோம். அபராதம் எதுவும் இருக்குமா என்று கேட்டேன். அதற்கு ஃபார்ம் இல்லை என்றார்.

ஏழு வாரம் கல் சுமந்தேன். காலையில் முதலில் தீதியின் பால் கேன், பிறகு ஆபீஸ், ஞாயிறு முழுக்கக் கல். முதல் வாரம் தீதி கேனைத் தரவில்லை. நான் பக்கத்தில் சும்மா நடந்து போனேன். இரண்டாம் வாரம் ஒரு நாள் மூச்சு வாங்க நின்றவர், கேனை என் பக்கம் நகர்த்தினார். பால் கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சுவரை அடுக்கியது ரப்பர் தோட்டத்துக்காரர். நாங்கள் கல்லை எடுத்துக் கொடுப்போம், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து உட்கார வைப்பார். ஒரு ஞாயிறு கல் கொடுக்கும்போது கேட்டேன்.

“அன்னிக்கே ஏன் சொல்லல? சாக்கப் பாத்தீங்கள்ல.”

அவர் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டுத்தான் பேசினார்.

“கச்சால்ல ரோடு, லயத்து வீடுங்க, ஆளுங்க எல்லாம் ஒரு காலையில போயிருச்சுங்க. யாரு தப்புன்னு கேக்க ஒருத்தரும் இல்ல. கடல்கிட்டப் போயி கேக்க முடியுமா. இங்க சாக்குக்காரரு கண்ணு முன்னாடி நிக்கிறாரு. சொல்லுறதும் சொல்லாததும் அவரு பாடுன்னு விட்டுட்டேங்க.”

“நான் சொல்லாம இருந்திருந்தா?”

“சாக்கு எங்கிட்டதானங்க இருந்துச்சு,” என்றார். “அந்தத் தட்டக் கல்ல எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன்.

செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வேறு யாருக்கும் மனு எழுத வராது என்பதால் கமிட்டி ஏற்கவில்லை. நலச்சங்கத்துக்கான அறிக்கையை ஆறாவது பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது சுவரில் பெரணி முளைத்துவிட்டது. போன வாரம் காலையில் என் ஐம்பது அடியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மெயின்லேண்ட் ஜோடி ஒன்று ஸ்கூட்டரை நிறுத்தியது. கடலைப் பின்னணியில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். “அங்கிள், தோடா சைடு,” என்றான் பையன். நான் துடைப்பத்தோடு கானுக்குள் இறங்கி நின்றுகொண்டேன். அந்தப் பெண்ணுக்கு முதல் மூன்று படமும் பிடிக்கவில்லை. நாலாவது பிடித்துவிட்டது.