இரண்டு பங்குனித் திங்களுக்கு நடுவில்

ஊரில் இருக்கிற உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். இந்த நாட்டில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி எங்களிடமிருந்து ஒரு மணித்தியாலத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. படுக்கும்போது இருந்த நேரம் எழும்பும்போது இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் பத்து வருடம், இங்கே லண்டன் ஸ்ட்ரெதமில் ஏழு வருடம் இருந்தும் எனக்கு இது பழகவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இனி வெளிச்சம்தான், வசந்தம் வந்துவிட்டது என்றாள். நானும் பல்லைக் காட்டினேன். அடுத்த நாள் திங்கட்கிழமை காலை அந்தத் தொலைபேசி வந்தது.

பேசியவர் என்னோடு இருக்கிற என் தங்கச்சி வதனியின் கணவன் தேவனைத் தெரிந்தவர். வன்னியிலிருந்து தப்பி வவுனியா முகாமுக்கு வந்திருந்தார். யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியில் அவசரம் அவசரமாகச் சொன்னார். சனம் ஒதுங்கிக் கிடந்த கடற்கரையில், தேவன் இருந்த பதுங்குகுழிப் பக்கம் ஷெல் விழுந்ததாம். புகை அடங்கிய பிறகு ஆளைக் காணவில்லையாம். நின்று தேட ஒருவராலும் முடியவில்லையாம். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. அந்த நேரம் வதனி மேலே முழுகிக்கொண்டிருந்தாள். அன்று பங்குனித் திங்கள், புருசனுக்காக அம்மனுக்குப் பிடிக்கிற விரதம். ஈரத் தலையோடு இறங்கி வந்து, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்தபடி, யார் எடுத்தது என்று கேட்டாள். வேலையிடத்திலிருந்து என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை அவள் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அகதி விண்ணப்பம் இரண்டு வருடமாக இழுபடுகிறது. ஒரு தடவை போகாவிட்டாலும் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே எங்கள் ஆட்களுக்குப் பாதி உயிர் போகிறது. அது முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் சாவுச் செய்தியைத் தனியாக வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. அப்பா செத்த அன்று நான் பள்ளிக்கூடத்தால் வர, ஒழுங்கை முழுக்கச் சனம் நின்றது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இங்கே அது ஒரு காதுக்குள் வந்து விழுகிறது. அந்தக் காதோடு பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகவேண்டும். செவ்வாய்க்கிழமை எனக்கு ஏலாமல் போய்விட்டது. பலசரக்குக் கடையில் கண்ட நாகேஸ் அக்காவிடம் சொல்லி அழுதேன். வியாழன் வரைக்கும் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று கெஞ்சினேன். அவரும் சத்தியம் பண்ணினார். புத்தி கெட்ட விசரி நான், வேறென்ன.

தேவனை நான் கண்டது ஒரே ஒரு தடவை, சமாதான காலத்தில் கிளிநொச்சியில் நடந்த அவர்களுடைய கலியாணத்தில். மின்சார வேலை தெரிந்தவன். முதல்நாள் இரவு முழுக்கப் பந்தலுக்கு அவனே வயர் இழுத்து லைட் பூட்டிவிட்டு, மணவறையில் நித்திரை தூங்கி வழிந்தான். வதனி முழங்கையால் இடித்து இடித்து எழுப்பினாள். பிறகு சண்டை தொடங்க, முதலில் நீ போ, பின்னால் வாறன் என்று அவளை அனுப்பினான். அவன் வெளிக்கிட முதல் வன்னிப் பாதை பூட்டிவிட்டது.

குரோய்டனில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். உங்கள் நிலைமையில் ஏதாவது மாற்றம் உண்டா? வதனிக்குத் தமிழில் சொன்னேன். ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லச் சொன்னாள். கலியாணமானவர் என்று எழுதிய காகிதம் எங்களுக்கு முன்னால் கிடந்தது. “நோ” என்றேன். “குட்” என்று சிரித்தாள் அந்தப் பெண். அவளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பாவம், அவள் என்ன கண்டாள். வீட்டுக்கு வந்தும் எனக்கு நாக்கு எழும்பவில்லை. வெள்ளியும் அப்படியே போனது.

சனிக்கிழமை மணி அடித்தது. வதனிதான் கதவைத் திறந்தாள். நாகேஸ் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் குளிர் கோட்டுக்குள் வெள்ளைச் சேலையோடு, கையில் மூடிய சட்டிகளோடு நின்றார்கள். இடியப்பமும் சொதியும். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல்தான் சமைத்துக் கொண்டுவரும். வியாழன் போய்விட்டது, நான் சொல்லியிருப்பேன் என்று நாகேஸ் அக்கா நினைத்துவிட்டார். வதனி அவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டிகளைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“ஆர் கண்டது?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“புகையைத்தானே கண்டவர்” என்றாள்.

நேரே குசினிக்குள் போய் காஸ் அடுப்பை மூட்டினாள். தேத்தண்ணி போட்டு மூன்று பேருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். நாகேஸ் அக்கா கோப்பையை வாங்கிய கையோடு விம்மத் தொடங்கினார்.

“குடியுங்கோ அக்கா. என்ர வீட்டில அடுப்பு எரியுது.”

குடித்து முடியும் வரை முன்னால் நின்றாள். சட்டிகள் திறக்காமலே திரும்பிப் போயின. கதவைப் பூட்டிவிட்டு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “அஞ்சு நாளா என்ர நெத்திப் பொட்டைப் பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?” பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குத் தொலைபேசிகள். பொட்டை அழிக்கச் சொல்லுங்கோ, சாவுத் துடக்கோடு கோயிலுக்கு விடாதையுங்கோ என்று. உங்கள் வீட்டு வேலையைப் பாருங்கோ என்று எல்லோரிலும் எரிந்து விழுந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் செத்துவிட்டான் என்றுதான் நானும் நம்பினேன்.

மறுநாள் அடுத்த பங்குனித் திங்கள். முழுகி, பொட்டு வைத்து, கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றாள். நானும் போனேன். அம்மன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டோடு நின்றோம். பின்னால் எங்கள் சனம் குசுகுசுத்தது. ஐயர் வந்து யாருக்கு, பெயர் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். செத்தவர் பெயரில் அர்ச்சனை செய்வதில்லை. வதனி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் கண் கலங்கியதைக் கண்டேன்.

“தேவன். அனுச நட்சத்திரம்” என்று நான் சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

“ஆள் லண்டனிலயோ?”

“இல்லை ஐயா, ஊரில.”

ஐயர் மந்திரம் சொல்லி, பூவும் குங்குமமும் திருநீறும் தந்தார். வெளியே வந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். அவள் தன் கையை என் கோட்டுப் பைக்குள் விட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருசன் உயிரோடு இருக்கிற வீட்டுக்குப் போக நின்றாள். நான் செத்த வீட்டுக்குப் போக நின்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான்.