நாக்கில் வைத்துப் பார்த்த கார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பாதி சாமி விஷயம், பாதி வீட்டுக்காரி விஷயம். இரண்டு பேர் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டு போர்ட் பிளேயர் ஹேடோவில் குடித்தனம் பண்ண என்னால் ஆகாது. போன வாரம் மகள் வள்ளி செல்போனை என் முன்னால் நீட்டினாள். அதில் ஒரு சின்ன கார், பழையது.

"அப்பா, இத நம்பி வாங்கலாமா?"

"நக்கிப் பாத்தியாம்மா?" என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அடுக்களையில் என் மனைவி செல்வி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "எழுதுங்க போங்க. இனி யாரு நம்மள ஏசப் போறா" என்று உத்தரவும் கொடுத்துவிட்டாள். முருகனிடம் தனியாகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

வள்ளி வயிற்றில் இருந்த சமயம். எங்கள் வீடு மேட்டில். மழை பிடித்துவிட்டால் எந்த ஆட்டோவும் மேலே ஏறாது, "நீச்சே ஆவோ" என்று நம்மை இறங்கி வரச் சொல்லிக் கீழே நின்றே ஹாரன் அடிப்பான். நிறைமாதக்காரி அந்தச் சேற்றில் எப்படி இறங்குவாள்? மழைக்கு முன்னால் ஒரு கார் வேண்டும். புதுசு நமக்கு எட்டாது. பழசு என்றால் பயம்.

எனக்கு எதிலும் பயம்தான். கத்திரிக்காயையே நாலு தடவை திருப்பிப் பார்த்து வாங்குகிறவன். போதாததற்கு, பக்கத்து வீட்டு கான்ட்ராக்டர் முத்தையா அண்ணன் வேறு. மதுரைப் பக்கத்துக்காரர். அவருடைய ஜீப்பில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதனால் கார் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

விற்கிறவர் ஒரு பெங்காலி தாதா. ரவுடி இல்லை, அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். வெள்ளைக் கார், உள்ளே கருவாட்டு வாசனை. இன்றைக்கும் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையைக் கடக்கும்போது என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடும். அண்ணன் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய காந்தத்தோடு வந்தார். தகரத்தில் ஒட்டும், துருவை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது என்பது கணக்கு. கதவில் வைத்தார், விழுந்தது. பானெட்டில் வைத்தார், விழுந்தது. கூரையில் மட்டும் ஒட்டியது.

"கூரை நல்ல கூரை" என்றார் அண்ணன்.

"தீவில துருப்பிடிக்காம வேற எப்படி இருக்கும் அண்ணே" என்றேன்.

"அது கெடக்கட்டும். கடல் தண்ணி பட்ட வண்டியான்னுதான் பாக்கணும். மட்கார்டுக்கு அடியில விரலத் தேச்சு நாக்குல வையி."

வைத்தேன். உப்பு. அண்ணன் வைத்தார். உப்பு. தாதா முகம் சுருங்கிவிட்டது. "கியா கர்த்தா ஹை ஆப் லோக்?" என்று, நாங்கள் என்ன பண்ணுகிறோம் என்பதை அவருக்கு வந்த இந்தியில் கேட்டுவிட்டு, வீம்புக்கு என் சைக்கிளைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் உப்பு. அண்ணனுடைய ஜீப், தாதா வீட்டு கேட், கேட்டில் தொங்கிய பூட்டு, எல்லாம் உப்பு. கடைசியில் அண்ணன் தன் விரலையே சும்மா நக்கினார். அதுவும் உப்புத்தான். போர்ட் பிளேயரில் உப்பில்லாத பொருளைத் தேடினால் எங்கே கிடைக்கும்? தாதாவின் வீட்டம்மா ஐயோ பாவம் என்று ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

ஓட்டிப் பார்த்தோம். தாதா வீடும் சரிவில். பிரேக்கை விட்டார், வண்டி தானாக உருண்டது, கியரில் போட்டுக் கிளட்சை விட்டார், என்ஜின் பிடித்துக்கொண்டது. "சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி வீணாயிடும். புதுசு மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வரணும்" என்று இந்தியில் விளக்கினார். எவ்வளவு சிக்கனமான மனிதர் என்று எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அப்படியும் மனசு நிலைகொள்ளவில்லை. முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள் செல்வி. இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளரளி. சிவப்பு வந்தால் வாங்கலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். அவளே கட்டிக் கொண்டுவந்தாள். சந்நிதியில் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். சிவப்பு. மற்றதைப் பிரிக்கப் போனேன். "எடுக்காதத பிரிச்சா தோஷம்" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்படி ஒரு தோஷத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவள் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள், அங்கே உண்டு போலும் என்று விட்டுவிட்டேன்.

கார் வீட்டுக்கு வந்தது. மேட்டில் நிறுத்துவேன், உருட்டுவேன், ஓட்டுவேன். வேலை பார்த்த இடமும் சரிவு. சாவி போட்டுக் கிளப்ப ஒருநாளும் தோன்றவில்லை, பேட்டரி வீணாகிவிடுமே.

வலி எடுத்தது ஒரு பகல் நேரம், கொட்டுகிற மழையில். செல்வியைப் பின்சீட்டில் ஏற்றி உருட்டினேன், வண்டி பிடித்துக்கொண்டது. துறைமுக கேட் பக்கம், தாம்பாளம் மாதிரி மட்டமான ரோட்டில், கப்பல் சரக்கு லாரி ஒன்று குறுக்கே நின்றது. பிரேக் போட்டேன். என்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். "டிக்" என்றது. மறுபடியும் "டிக்". சாவி போட்டால் என்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் என்றைக்கோ செத்திருக்கிறது. நாங்கள் பூட்டைக்கூட நக்கிப் பார்த்தோமே, அதைப் பார்க்கவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் ஓடி வந்தார்கள். தெலுங்கு, பெங்காலி, மலையாளம், எல்லாம் உண்டு. "ஜோர் லகாவ்" என்று தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. எட்டிப் பார்த்தால், பாதிப் பேர் முன்னால் நின்று தள்ளுகிறார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "முருகா, நீதானே சிவப்பு குடுத்த? இந்த வண்டியத்தானா காட்டுவ? உன்ன நம்பினதுக்கு..."

பின்னாலிருந்து முதுகில் ஓர் அடி விழுந்தது. "சாமிய ஏசாதீங்க. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வச்சேன்."

"என்னடி சொல்ற?"

"விட்டா நீங்க நக்கிப் பாத்துக்கிட்டே இருப்பீங்க. புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போயிருக்கும். கிளட்ச விடுங்க."

விட்டேன். முன்னால் நின்றவர்கள் அதற்குள் பின்னால் போயிருந்தார்கள். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. திரும்பி நன்றி சொல்லக்கூட நான் நிற்கவில்லை, நின்றால் வண்டியும் நின்றுவிடும். சாயங்காலம் வள்ளி பிறந்தாள்.

அந்தக் கார் துருவாக உதிர்ந்து போயிற்று. கடைசிவரை உறுதியாக இருந்தது கூரைதான். முத்தையா அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டார். வள்ளி பார்த்திருக்கும் காரில் சாவியே கிடையாது, பட்டன். நின்றுபோனால் தள்ளக் கூடாதாம், போன் போட வேண்டுமாம். துறைமுக கேட்டில் இப்போதும் கார்கள் நிற்கின்றன, யாரும் ஓடி வருவதில்லை. உள்ளே இருப்பவர்கள் யாரையும் கூப்பிடுவதும் இல்லை.

கோயிலில் இந்தக் கதை வேறு விதமாக உலவுகிறது. முருகனே கூலியாள் வேஷத்தில் வந்து தள்ளினாராம். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான், ஆனால் முருகன் முன்பக்கம் நின்று தள்ளியிருக்க மாட்டார். ஆகையால், படிக்கிற நீங்கள் யாருக்காவது சொன்னால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். சாமிக்கு நல்ல பேர் வரட்டும் என்று எங்கள் பொட்டலத்தில் ஒரு வெள்ளைப் பூவைச் சேர்த்துவிட வேண்டாம்.